ஆற்றில் தக்கைத் தூண்டில்: காற்றிலும் கடும் நீரோட்டத்திலும் கையாள வேண்டிய முறைகள்

முன்னுரை

ஆற்றோரத்திலும் வாய்க்கால் ஓரத்திலும் வயலும் தோட்டமும் உள்ள கமக்காரருக்கு மீன் தொலைவிலுள்ள பொருளன்று. பயிர் நட்ட பின்னரும், அறுவடைக்குக் காத்திருக்கும் நாட்களிலும் மாலை வேளையில் ஓரிரு மணி நேரம் ஓய்வு கிடைப்பதுண்டு. அந்நேரத்தில் பிடிக்கப்படும் மீன், சோறும் மரக்கறியும் மிகுந்து புரதச் சத்துக் குறைந்திருக்கும் குடும்ப உணவை நிறைவு செய்யும். மீன் வாங்கும் பணமும் மிஞ்சும். 1952ஆம் ஆண்டில் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட திலாப்பியா மீன் இன்று குளங்களிலும் ஆறுகளிலும் பரவியுள்ளது. கெளிறு, விரால், சிறு கெண்டை ஆகியனவும் பல இடங்களில் உண்டு.

எனினும், காற்று வீசும் நாட்களில் ஆற்றுக்குச் செல்வோர் பலர் வெறுங்கையுடன் திரும்பி, ஆற்றில் மீன் இல்லை என்பர். பெரும்பாலும் உண்மை அதுவன்று. காற்றும் நீரோட்டமும் தக்கையை இழுக்க, இரை மீன் இருக்கும் இடத்தில் நில்லாது மேலெழுந்து ஓடிவிடுகின்றது. இதற்குரிய காரணத்தை அறிந்து, தக்கையையும் ஈயத்தையும் நிற்குமிடத்தையும் மாற்றிக் கொள்வோர் அதே இடத்தில் மீன் பிடிப்பர். அம்முறைகள் இங்கு ஒழுங்காக விளக்கப்படுகின்றன.

1. நீரோட்டத்தின் இயல்பு

ஆற்றுநீர் எல்லா ஆழத்திலும் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. ஆற்றின் அடித்தரையும் கரையும் நீரை உராய்ந்து தடுப்பதால், அடியிலும் ஓரத்திலும் ஓட்டம் மெதுவாக இருக்கும். நடுவிலும் மேற்பரப்பை அடுத்தும் அது விரைவாக இருக்கும். இதனைக் கமக்காரர் தம் வாய்க்காலிலேயே காணலாம். நடுவில் விழுந்த சருகு விரைந்து செல்ல, ஓரத்துப் புல்லருகே விழுந்த சருகு தயங்கிச் செல்லும்.

தக்கை மிதப்பது வேகமுள்ள மேல்நீரில். இரை இருக்க வேண்டியது மெதுவான அடிநீரில். தக்கையைத் தன்போக்கில் விட்டால் அது முன்னே ஓடி, இரையைப் பின்னால் இழுத்து மேலே தூக்கிவிடும். அடியில் இயற்கையாக உருண்டு வரும் புழுவைத் தின்று பழகிய மீன், தலைக்கு மேலே விரைந்து ஓடும் இரையைப் பொருட்படுத்துவதில்லை. ஆகவே தக்கையைச் சற்றுத் தடுத்துத் தடுத்து, மேல்நீரின் வேகத்திலும் குறைந்த வேகத்தில் செல்ல விடுவதே ஆற்றுத் தூண்டிலின் முதல் விதியாகும். இவ்வாறு தடுக்கும்போது இரை தக்கைக்குச் சற்று முன்னதாகச் சென்று, மீனின் கண்ணில் முதலிற் படும்.

2. காற்றின் இயல்பு

காற்று இரண்டு வகையில் இடையூறு செய்கின்றது. ஒன்று, நீருக்கு மேலே நீட்டியிருக்கும் தக்கையின் நுனியைத் தள்ளுதல். மற்றது, கோலின் நுனிக்கும் தக்கைக்கும் இடையிலுள்ள நூலை வில்லைப்போல் வளைத்தல். இவ்விரண்டில் பின்னதே கூடிய தீங்கு விளைவிப்பது. வளைந்த நூல் நீரில் விழுந்ததும் நீரோட்டமும் அதனைப் பற்றி இழுக்க, தக்கை கரையை நோக்கியோ நடுவாற்றை நோக்கியோ விலகிவிடும். மீன் கொத்தும்போது கோலை உயர்த்தினாலும், நூலின் வளைவு நிமிர்வதற்குள் மீன் இரையை உமிழ்ந்துவிடும்.

ஒரே காற்று இரு ஆறுகளில் இருவேறு விளைவுகளைத் தரும் என்பதை நினைவிற் கொள்ள வேண்டும். தென்மேற்குப் பருவத்தில் வீசும் சோளகக் காற்றை எடுத்துக்கொள்வோம். மகாவலி கங்கை மனம்பிட்டிக்குக் கீழே வடக்கு நோக்கிச் சென்று கொட்டியாரக் குடாவை அடைகின்றது. அங்கு சோளகம் ஆற்றோடு சேர்ந்து வீசித் தக்கையை மேலும் விரட்டும். அநுராதபுரத்தின் வழியாக வந்து, தேக்கம் அணையில் கட்டுக்கரைக் குளத்திற்கு நீர் கொடுத்து, மன்னார்க் கடலை அடையும் அருவியாறோ தன் கீழ்ப்பகுதியில் மேற்குப் பக்கமாகச் செல்கின்றது. அங்கு அதே சோளகம் பெரும்பாலும் ஆற்றை எதிர்த்து வீசும். வாடைக் காற்றுக் காலத்தில் இந்நிலை மாறும். ஆறு வளையுமிடங்களில் நூறு யார் தூரத்திற்குள்ளேயே காற்றின் பக்கம் மாறுவதுமுண்டு. ஆதலின் கோலை எடுக்குமுன் ஒரு பிடி உலர்ந்த தூளையோ சருகையோ விட்டுக் காற்று எப்பக்கம் செல்கின்றது என்று பார்த்தல் நன்று.

3. தூண்டிலின் உறுப்புகள்

கோல்: 12 முதல் 15 அடி வரை நீளமுள்ள, நேரான, முற்றிய மூங்கில் ஏற்றது. கோல் நீளமாக இருப்பதன் பயன் தொலைவில் எறிவதன்று. தக்கைக்கு நேர்மேலே நுனியைப் பிடித்து, நூல் நீரில் படாது காப்பதே அதன் பயனாகும். நூல் நீரில் படாவிடின் காற்றின் தொல்லையிற் பாதி நீங்கிவிடும்.

நூல்: மெல்லிய தங்கூசி நூல் கோலின் நீளத்திற்கு ஒத்ததாக இருத்தல் போதும். தடித்த நூலைக் காற்றும் நீரும் கூடுதலாகப் பற்றும்.

தக்கை: நெட்டி, தக்கை மரம், வாத்தின் இறகுத் தண்டு ஆகியவற்றால் வீட்டிலேயே செய்து கொள்ளலாம். இரு வகைத் தக்கைகள் கையில் இருத்தல் வேண்டும். முதலாவது, மேற்பாகம் பருத்தும் கீழ்ப்பாகம் ஒடுங்கியும் உள்ள தக்கை. இது நூலோடு மேலும் கீழும் இரு இடங்களிற் கட்டப்படும். தடுத்துப் பிடித்தாலும் நீரிலிருந்து சரிந்தெழாது. ஓடும் நீருக்கு இதுவே உரியது. இரண்டாவது, மெல்லிய நீண்ட தண்டு. இது கீழ்முனையில் மட்டும் கட்டப்படும். நூல் நீருக்குள் அமிழ்ந்திருக்கும். மெதுவான நீரில் காற்று அதிகமாயிருக்கும்போது இதனைப் பயன்படுத்த வேண்டும். விரைவான நீரில் இதனைத் தடுத்துப் பிடித்தால் அமிழ்ந்து போகும்.

ஈயம்: தக்கையின் நுனியில் அரை அங்குலம் அளவே நீருக்கு மேலே தெரியுமாறு ஈயக் குண்டுகளைச் சேர்த்தல் வேண்டும். கூடுதலாகத் தெரிந்தால் காற்றுக்குப் பாயாக அமையும். குறைவாகத் தெரிந்தால் அலையில் மறையும்.

4. ஆழம் அறிதலும் ஈயம் பூட்டுதலும்

முள்ளில் ஒரு பெரிய ஈயக் குண்டைத் தொங்கவிட்டு, மீன் பிடிக்க எண்ணிய இடத்தில் இறக்கிப் பார்க்க வேண்டும். தக்கை அமிழ்ந்தால் ஆழம் கூடியது. தக்கையை நூலில் மேலே ஏற்ற வேண்டும். தக்கை சாய்ந்து கிடந்தால் ஆழம் குறைந்தது. கீழே இறக்க வேண்டும். இரை அடித்தரையை இலேசாகத் தொட்டுச் செல்லும் அளவே பொதுவாக நல்லது. தக்கை செல்லும் பாதையில் மூன்று, நான்கு இடங்களில் இவ்வாறு அளந்தால் பள்ளமும் மேடும் தெரியவரும். மீன் பெரும்பாலும் பள்ளத்தின் தொடக்கத்திலும் மேட்டின் மறைவிலும் தங்கும்.

ஓட்டம் ஒரே சீராகவும் மிதமாகவும் இருந்தால், சிறு குண்டுகளைத் தக்கையிலிருந்து முள்வரை சம இடைவெளியில் பூட்டலாம். முள்ளை நெருங்க நெருங்கக் குண்டு சிறிதாதல் வேண்டும். இரை மெல்ல, இயற்கையாக இறங்கும். ஓட்டம் கடுமையாகவும் சுழிப்புள்ளதாகவும் இருந்தால், குண்டுகளைத் திரட்டி, ஆழத்தில் மூன்றில் இரண்டு பங்கு கீழே ஒன்றாகப் பூட்டி, முள்ளுக்கு ஆறு அங்குலத்திற்கு மேலே ஒரு சிறு குண்டு மட்டும் வைக்க வேண்டும். அப்போது இரை சுழியில் அலையாது விரைந்து அடியை அடையும்.

கமக்காரர் பலர் செய்யும் தவறு யாதெனில், காற்று அதிகரித்ததும் சிறிய தக்கையையே வைத்துக்கொண்டு மனம் சலிப்பதாகும். காற்றும் ஓட்டமும் கூடும்போது பெரிய தக்கையும் கூடிய ஈயமுமே வேண்டும். கூடிய ஈயம் தக்கையை நீரோடு பிணைத்து வைக்கும். காற்று அதனை எளிதில் அசைக்க இயலாது.

5. காற்றின் பக்கத்திற்கேற்ற முறைகள்

நீர் வரும் பக்கத்தை மேல்நீர்ப் பக்கம் எனவும், நீர் செல்லும் பக்கத்தைக் கீழ்நீர்ப் பக்கம் எனவும் கொள்க.

(அ) காற்று ஓட்டத்தை எதிர்த்து வீசுதல்: கீழ்நீர்ப் பக்கத்திலிருந்து மேல்நீர்ப் பக்கம் வீசும் மிதமான காற்று தீங்கன்று, துணையாகும். அது நூலை மேல்நீர்ப் பக்கம் வளைத்து வைப்பதால் தக்கை தானாகவே தடுக்கப்படுகின்றது. இரு இடத்திற் கட்டிய தக்கையை விட்டு, கோலை உயர்த்திப் பிடித்தல் போதும். அலை உயர்ந்து தக்கை தெரியாவிடின், நுனி சற்றுத் தடித்த தக்கையை மாற்ற வேண்டும்.

(ஆ) காற்று ஓட்டத்தோடு சேர்ந்து வீசுதல்: நான்கு நிலைகளிலும் கடினமானது இதுவே. நூல் தக்கைக்கு முன்னே வளைந்து அதனை இழுத்துச் செல்லும். கனமான தக்கையைப் பூட்டி, கோலின் நுனியை நீருக்கு அருகே தாழ்த்தி, மேல்நீர்ப் பக்கமாக வைத்துத் தடுக்க வேண்டும். நூல் வளைந்துவிட்டால், கோலின் நுனியை மெல்ல உயர்த்தி, நூலை மட்டும் எடுத்து, தக்கைக்குப் பின்னே மேல்நீர்ப் பக்கம் இடுதல் வேண்டும். இதைச் செய்யும்போது தக்கை அசையலாகாது. வளைவு பெரிதாகும்வரை காத்திராமல் ஆறேழு அடிக்கு ஒரு முறை இவ்வாறு செய்தால் கைவரும். அவ்வாறும் இயலாவிடின், ஆழத்திலும் ஓர் அடி கூடுதலாக நூலை விட்டு, கடைசிக் குண்டு தரையில் உராய்ந்து செல்லுமாறு அமைக்கலாம். அவ்வுராய்வு தக்கையின் வேகத்தைக் குறைக்கும்.

(இ) காற்று முதுகுப் பக்கத்திலிருந்து வீசுதல்: எறிவதற்கு எளிது, ஆனால் நூல் நடுவாற்றை நோக்கி வளையும். கோலின் நுனியைத் தாழ்த்திக் கரையோரமாகப் பிடித்தால் போதும். கரையில் மரம் அடர்ந்திருந்தால், மரத்தின் மறைவில் ஓரநீர் அமைதியாக இருக்கும். அங்கேயே மீன் பிடித்தல் நன்று.

(ஈ) காற்று முகத்தில் வீசுதல்: தக்கை கரைக்குத் தள்ளப்படும். இந்நிலையில் நடுவாற்றுக்கு எறிய முயல்வது வீண். காற்றால் அடிக்கப்படும் கரையில் மிதக்கும் பூச்சியும் சருகும் ஒதுங்குவதால் மீனும் அவ்வோரத்தை நாடும். ஆகவே கோலின் நுனிக்கு நேர்கீழே, கரையிலிருந்து எட்டு, பத்து அடிக்குள் தக்கையை இறக்குதல் வேண்டும். அசையாதிருப்பதும் நிழல் நீரில் விழாதிருப்பதும் இங்கு மிக அவசியம்.

காற்றின் பக்கம் ஒவ்வாதபோது மாற்றக்கூடிய மிக எளிய பொருள் நிற்குமிடமாகும். அடுத்த வளைவுக்குச் செல்வதால் (ஆ) என்னும் நிலை (அ) என்னும் நிலையாக மாறுவதுண்டு. பத்து நிமிட நடை ஒரு மாலைப் பொழுதின் முயற்சியைக் காக்கும்.

6. ஆறு பெருகியிருக்கும்போது

குளங்கள் வான் பாயும் காலத்தில் ஆறு கலங்கிப் பெருகும். அப்போது மீன் நடுநீரில் நில்லாது, ஓட்டம் தணிந்த இடங்களில் ஒதுங்கும். வளைவின் உட்பக்கம், பாலத் தூணின் பின்புறம், மருத மரங்களின் வேருக்குக் கீழேயுள்ள அமைதியான நீர், வாய்க்கால் ஆற்றோடு சேருமிடம் ஆகியன அத்தகைய இடங்களாம். இங்கு தக்கையை ஓடவிட வேண்டியதில்லை. ஆழத்திலும் இரண்டு அடி கூடுதலாக நூல் விட்டு, ஈயமும் இரையும் தரையிற் கிடக்க, தக்கை சாய்ந்து மிதக்குமாறு வைத்து, கோலைக் கவைக் கம்பில் சாத்தி வைக்கலாம். கலங்கிய நீரில் மீன் கண்ணைவிட மணத்தையே நம்புமாதலால், மண்புழுவே ஏற்ற இரை.

7. தவிட்டு இரை இடுதல்

மீனை ஓரிடத்திற் கூட்டுவதற்கு அரிசித் தவிடு போதும். மெதுவான நீரில் தவிட்டை ஈரமாக்கிச் சிறு பிடிகளாக இடலாம். கடும் ஓட்டத்தில் தவிட்டோடு களிமண் கூட்டி இறுகப் பிசைந்து உருண்டையாக இடவேண்டும். இல்லையேல் அது மிதந்து சென்று மீனையும் கீழ்நீருக்கு அழைத்துப் போகும். எங்கு இடுவது என்பதையும் கணக்கிட வேண்டும். நீர் விநாடிக்கு 2 அடி வேகத்தில் ஓட, உருண்டை அடியைத் தொட 4 விநாடி செல்லுமாயின், அது ஏறக்குறைய 8 அடி கீழே சென்றே விழும். ஆகவே குறித்த இடத்திற்கு 8 அடி மேலே இடுதல் முறை. சிறிது சிறிதாகப் பலமுறை இடுவதே நல்லது. ஒரேயடியாகக் கொட்டினால் மீன் வயிறு நிறைந்து முள்ளைத் தொடாது.

8. தக்கை காட்டும் குறிகள்

அலையால் தக்கை அசைவது தாள ஒழுங்குடையது. மீன் தொட்டால் அவ்வொழுங்கு கெடும். தக்கை அமிழ்தல், ஓரிடத்தில் தயங்கி நிற்றல், பக்கமாக நகர்தல், வழக்கத்திலும் உயர்ந்தெழுதல் ஆகிய நான்கும் மீன் கொத்தியதற்கு அறிகுறிகள். உயர்ந்தெழுதல் ஏனெனில், மீன் கீழ்க் குண்டையும் சேர்த்துத் தூக்குவதால் தக்கையின் சுமை குறைகின்றது. ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் தக்கை அமிழுமாயின், அது பெரும்பாலும் மீனன்று. தரையிலுள்ள வேர் அல்லது கல்லாகும். அவ்விடத்தை அணுகுமுன் தக்கையைச் சற்றுக் கூடுதலாகத் தடுத்தால், இரை மேலெழுந்து தடையைக் கடந்து செல்லும். மீன் கொத்தியதும் கோலை மேல்நீர்ப் பக்கமாகச் சாய்த்து, சிறிய அசைவாக இழுத்தல் வேண்டும். வேகமாக வீசி இழுத்தால் மெல்லிய நூல் அறும்.

9. அதே தக்கையால் வாய்க்கால் நீரை அளத்தல்

தக்கையின் ஓட்டத்தைக் கவனிக்கப் பழகிய கமக்காரர் தம் வயலுக்கு வரும் நீரையும் அளவிடலாம். வாய்க்காலில் நேரான, சீரான 40 அடி நீளத்தைக் குறித்து, தக்கையை நடுவில் விட்டு, அது கடக்கும் நேரத்தைக் கணக்கிட வேண்டும். 20 விநாடி செல்லுமாயின் மேல்நீரின் வேகம் விநாடிக்கு 2 அடி. அடிநீர் மெதுவாகையால், சிறு வாய்க்காலில் இதில் முக்கால் பங்கை, அதாவது 1½ அடியை, சராசரி வேகமாகக் கொள்ளலாம். நீரின் அகலம் 2 அடி, ஆழம் 1 அடி எனின், விநாடிக்கு 3 கனவடி நீர் வருகின்றது. விநாடிக்கு ஒரு கனவடி நீர் ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய ஓர் ஏக்கருக்கு ஓர் அங்குலம் நிரப்பும். எனவே இவ்வாய்க்கால் ஒரு மணி நேரத்தில் ஓர் ஏக்கருக்கு ஏறக்குறைய 3 அங்குலம் நீர் தரும். வழியிற் கசியும் நீரை இதிற் கழித்துக் கொள்ள வேண்டும்.

காற்று வீசும்போது இவ்வளவும் பிழைக்கும். ஆதலின் காலையில் காற்றில்லாத நேரத்தில், நுனி மட்டும் தெரியும் தக்கையால், மூன்று முறை அளந்து சராசரி காணல் வேண்டும். நீர்ப் பங்கீட்டில் அயலவரோடு எழும் பிணக்குகளில், ஊகத்திலும் இவ்வளவு பயன்தரும்.

10. பாதுகாப்பு

ஒரு கூடை மீனுக்காக உயிரை இடருக்குள்ளாக்குதல் அறிவுடைமையன்று. பின்வருவன கட்டாயம் கவனிக்க வேண்டியவை.

(1) அணைக்கதவும் வான்கதவும் திறக்கப்படும்போது ஆறு சில நிமிடங்களிற் பெருகும். நீர் நிறம் மாறினாலோ, சருகும் தடியும் திடீரென மிதந்து வந்தாலோ உடனே கரையேற வேண்டும். அணைக்குக் கீழே நீரில் இறங்கி நிற்றல் கூடாது. சிறுவரைத் தனியே அனுப்புதலும் கூடாது.

(2) வரண்ட பகுதி ஆறுகளிலும் குளங்களிலும் முதலை உண்டு. முழங்காலளவு நீரில் நின்று தூண்டில் போடுதலும், பிடித்த மீனை இடுப்பில் கட்டி நீரில் விடுதலும் ஆபத்தானவை.

(3) இடி முழங்கும்போது நனைந்த நீண்ட கோலைப் பிடித்து வெளியில் நிற்றல் கூடாது.

(4) கெளிற்றின் செட்டை முள் குத்தினால் கடும் வலி உண்டாகும். பொறுக்கக்கூடிய சூடுள்ள நீரிற் காயத்தை அமிழ்த்தி வைத்தால் வலி தணியும். வீக்கம் நீடித்தால் வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும்.

(5) கால், கைகளிற் புண் உள்ளோர் தேங்கிய சேற்று நீரில் இறங்குதல் எலிக்காய்ச்சலுக்கு இடமளிக்கும். நீரில் இறங்கிய பின் சில நாட்களில் காய்ச்சலும் தலைவலியும் தசைவலியும் தோன்றினால், வயலிலோ ஆற்றிலோ இறங்கியதை வைத்தியருக்குத் தெரிவித்து உடன் சிகிச்சை பெற வேண்டும்.

(6) பூச்சிநாசினி தெளித்த வயலின் கழிவுநீர் சேருமிடத்தில் பிடித்த மீனையும், செத்து மிதக்கும் மீனையும் உண்ணலாகாது. தெளிகருவியை வாய்க்காலிலோ ஆற்றிலோ கழுவுதல் மீனையும், கீழே நீர் எடுத்துக் குடிப்போரையும் ஒருங்கே கெடுக்கும்.

(7) நஞ்சு இட்டும் வெடி வைத்தும் மீன் பிடித்தல் 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில், நீர்வாழ் உயிரின வளங்கள் சட்டத்தால் தடுக்கப்பட்டுள்ளது. குஞ்சும் முட்டையும் அழிந்த ஆற்றில் எத்தகைய தூண்டிலும் பயன் தராது. வனவிலங்குச் சரணாலயங்களை அடுத்துள்ள ஆறுகளில் அவ்வவ்விடத்து விதிகளை முதலில் விசாரித்து அறிதல் வேண்டும்.

சுருக்கம்

கோலை எடுக்குமுன் காற்றின் பக்கத்தையும் நீரின் பக்கத்தையும் பார்க்க. இரண்டும் எதிரெதிராக உள்ள இடத்தைத் தேர்க. ஆழத்தை அளந்து இரையை அடியிற் செலுத்துக. தக்கையை மேல்நீரின் வேகத்தில் விடாது தடுத்துப் பிடிக்க. காற்று கூடினால் தக்கையும் ஈயமும் பெரிதாகட்டும். நூல் வளைந்தால் வளைவு சிறிதாக இருக்கும்போதே மேல்நீர்ப் பக்கம் எடுத்து இடுக. ஆறு பெருகினால் ஓரநீரை நாடுக. நீர் திடீரென உயர்ந்தால் மீனை மறந்து கரையேறுக.

வீட்டுத் தேவைக்குப் போதிய மீன் கிடைத்ததும் கோலைச் சுருட்டி, சிறு மீன்களை உயிருடன் ஆற்றில் விட்டு வருதல் நன்று. அவை வளர்ந்து அடுத்த போகத்தில் அதே கமக்காரருக்கும் அவர்தம் அயலவருக்கும் உணவாகும்.